சாவி இல்லாமல் எடுத்த செல்ஃப்

மருத்துவமனை நர்சுகளுக்கு அவள் பெட்ஷீட்டக்கா. லாட்ஜுகளின் பின்வாசலிலும் அதே பெயர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில்கூட ஆள் கிடையாது. மகளுக்கு அம்மா, புருஷனுக்கு 'இங்க பாரு'. காலையில் அழுக்கு விரிப்புகளை மூட்டை கட்டி வேனில் ஏற்றுவாள். அவற்றைச் சலவைக்கூடத்தில் இறக்கிவிட்டு, வெளுத்து மடித்து வைத்திருப்பதை வாங்கி வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு சுற்று. எந்த மூட்டையை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்கினால் நாற்றம் மூக்கில் ஏறாது என்பது அவளுக்குக் கைப்பழக்கம்.

அந்த வேன் மகளைவிட மூத்தது. டீசல் வண்டி. சாவியைத் திருப்பினால் எடுக்கும், ஆனால் சாவியைத் திருப்பி அணைக்க முடியாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும், அதை வெளியே இழுத்தால்தான் இஞ்சின் நிற்கும். கைபிரேக் எப்போதோ தேய்ந்துபோனது. நிறுத்தும்போது முதல் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட வேண்டும். வருஷக்கணக்காக அதை ஓட்டியவர் அவள் புருஷன். லீவு நாளில் காலி மைதானத்தில் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். "கிளட்ச்ச மிதின்னா, பாம்ப மிதிச்சவ மாதிரி துள்ளுறியே!" என்று கத்துவார். அவள் பதிலுக்குக் கத்துவாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார்கள். பின்னால் அதுவே பிழைப்பாகும் என்று அன்றைக்கு இருவருக்கும் தெரியாது.

ஒருநாள் காலையில் மூட்டைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் காலும் பாதிதான் அவர் சொன்னபடி கேட்டன. பேச்சு வந்தது, ஆனால் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது. சலவைக்கூட முதலாளி வேறு டிரைவர் பார்ப்பதாகச் சொன்னார். "எதுக்கு? நான் ஓட்டுறேன்" என்றாள். முதல் வாரம் முழுக்க அவள் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்க்கவே ஆட்கள் நின்றார்கள். அதற்கப்புறம் யாருக்கும் அது வேடிக்கையாக இல்லை.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும், வண்டி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது.

முதலில் அது மருத்துவமனையின் பின்கேட்டில் நடந்தது. மூட்டைகளை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினாள். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு தடவை திருப்பினாள். மறுபடியும் 'டக்'. இஞ்சினை முதல் சுற்றுச் சுற்றிக் கிளப்பிவிடுகிற மோட்டாரைத்தான் எல்லோரும் செல்ஃப் என்பார்கள். அது சுற்றாவிட்டால் வண்டி வெறும் தகரப்பெட்டி. வாட்ச்மேனும் இரண்டு வார்டு ஆட்களும் தள்ளினார்கள். "அக்கா, உங்க வண்டிக்கு ஒரு பெட் போட்டு அட்மிட் பண்ணிடலாமா?" என்று ஒருவன் கேட்டான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டாவது கியரில் கிளட்சை விட, வண்டி உதறி எழுந்தது.

நேராக வயரிங் கடைக்குப் போனாள். கடைக்காரரை ஊரே ஷாக்கு என்றுதான் கூப்பிடும். வண்டியின் பன்னிரண்டு வோல்ட் மின்சாரத்தில் யாருக்கும் ஷாக் அடிக்காது. அவருக்கு அடித்தது கடையில் இருந்த டேபிள் ஃபேன். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. ஷாக்கு ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இப்ப சாவியத் திருப்புக்கா."

திருப்பினாள். 'டக்'. விளக்கு மங்கிச் சிவந்தது.

"பாத்தியா, லைட்டு மூக்கால அழுவுது. பேட்டரி போச்சு. மாத்திடு."

மாற்றினாள். புது பேட்டரி வந்ததும் செல்ஃப் எடுத்தது. ஆனால் சத்தம் பழைய சத்தமாக இல்லை. முன்பெல்லாம் 'க்ர்ர்' என்று ஒரே மூச்சில் எடுக்கும். இப்போது பாரமான எதையோ இழுத்துக்கொண்டு படியேறுகிறவன்போல முனகி, தயங்கி, பிறகு எடுத்தது. எடுத்தவரைக்கும் போதும் என்று விட்டுவிட்டாள். வேலை தலைக்குமேல் கிடந்தது. மருத்துவமனையில் ஒரு வார்டு முழுக்கக் காய்ச்சல்காரர்கள், நாளுக்கு இரண்டு தடவை விரிப்பு மாற்றினார்கள்.

வீடு ஒரு வரிசையின் கடைசியில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, பக்கவாட்டில் நீளமான முற்றம். முற்றம் தெருவிலிருந்து உள்ளே போகப் போகக் கொஞ்சம் மேடேறி, ஒரு மதிலில் போய் முடியும். மதிலைப் பார்த்து வண்டியை நிறுத்துவாள். மத்தியானத்துக்கு மேல் மதிலடியில் நிழல் விழும். வண்டியின் மூக்குக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுகிற அளவுக்கு இடம் இருக்கும். அவள் புருஷன் அங்கேதான் உட்காருவார். அவருக்குப் போக வேறு இடமும் கிடையாது. வண்டி வரும் சத்தம் கேட்டதும் காலை இழுத்துக்கொண்டு வெளியே வருவார், அவள் உள்ளே போய்ச் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருக்கும்வரை அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு மத்தியானம் அவள் வெளியே வந்தபோது அவர் நாற்காலியில் இல்லை. எழுந்து மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"என்னங்க?"

"வண்டி நகருது."

"எந்த வண்டி?"

"நம்ம வண்டி. தானா. ஒரு தடவ செருமிச்சு. முன்னால வந்துச்சு."

அவள் வண்டியைப் பார்த்தாள். எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றது. சாவி, கயிற்றில் கோத்து, அவள் கழுத்தில் தொங்கியது. "கண் அசந்திருப்பீங்க" என்றாள். பின்சக்கரத்துக் கல்லை எடுக்கக் குனிந்தாள். சக்கரம் ஏறி உட்கார்ந்திருக்கும் கல் அது, தினமும் நாலு உதை உதைத்தால்தான் வரும். அன்றைக்குக் கை வைத்ததுமே சும்மா வந்தது. நல்லதாகப் போயிற்று என்று அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். கோபமோ பதற்றமோ இல்லாமல், வீட்டுக்கு யாரோ வந்துபோனார்கள் என்று தகவல் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

மகள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்ததும் சமையலறைக்குள் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அம்மா, நேத்து அப்பா என்னை அத்த பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. செருப்பக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருந்தாரு. நான்தான் எடுத்தேன், உங்கிட்ட சொல்லல."

"வயசாகுதுல்ல."

"வயசுன்னு சொல்லி மூடாத. இப்ப வண்டி தானா ஓடுதுங்கிறாரு. நரம்பு டாக்டரப் பாத்துடணும். அடுத்த வாரம் டோக்கன் சொல்லியிருக்கேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். சட்டியைத் தேய்க்கிற கை நிற்கவில்லை, ஆனால் எந்தச் சட்டி என்றே தெரியவில்லை.

மறுநாள் அவர் ஒரு கரித்துண்டை எடுத்து வைத்துக்கொண்டார். அவள் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனதும், முன்சக்கரம் தரையைத் தொடுகிற இடத்தில், இடது கையால், கோணல்மாணலாக ஒரு கோடு போட்டிருக்கிறார். அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கோட்டைக் காட்டினார். சக்கரம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் முன்னால் நின்றது.

"இப்ப என்ன சொல்ற?"

வெயிலில் கண் கூசியது. ரப்பர் கருகிய மாதிரி ஒரு வாடை இருந்தது. கிளட்ச் வாடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது வண்டியைப் பற்றிய நினைப்பே இல்லை. டாக்டர் என்ன சொல்லப்போகிறார், இன்னும் எத்தனை வருஷம் இப்படி, தான் வெளியே போயிருக்கும்போது அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றது.

"கோட்டப் பின்னால தள்ளிப் போட்டுட்டு என்னைக் கேக்குறீங்களா?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட ஓங்கி வந்தது. "வேலைக்குப் போயிட்டு வர்றவள இப்படிப் பாடாப் படுத்தாதீங்க!"

அவர் கரித்துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் நாற்காலியை மட்டும் மாற்றவில்லை. சொன்ன சொல் பொய்யில்லை என்று காட்டுவதற்காகவே அங்கே உட்கார்ந்திருந்தாரோ என்று பிற்பாடு அவள் நினைத்து நினைத்து மாய்ந்திருக்கிறாள்.

அந்த வாரக் கடைசியில் வெயில் ஏறியது. வண்டி காலையிலிருந்தே படுத்தியது. இரண்டு இடத்தில் செல்ஃப் எடுக்காமல் 'டக்' என்றது. ஷாக்கு சொல்லிக்கொடுத்திருந்தபடி ஒரு இரும்புக் கம்பியை வண்டிக்கடியில் நீட்டிச் செல்ஃபின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி எடுத்தாள். வீட்டுக்கு வந்தபோது கால் வைக்கிற தகரமே சுட்டது. மதிலைப் பார்த்து நிறுத்தினாள். குமிழை இழுத்து இஞ்சினை அணைத்து, குமிழை உள்ளே தள்ளி, முதல் கியரில் போட்டாள். இறங்கிக் கல்லை வைத்தாள். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவரிடம் ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. மென்று விழுங்கிவிட்டு உள்ளே போனாள்.

முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தபோது அது கேட்டது. செல்ஃப் எடுக்கிற சத்தம், பாரத்தை இழுக்கிற அந்த முனகல். யாரோ வண்டியை எடுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது. சாவி அங்கேயே இருந்தது, ஈரமாக, அவள் உள்ளங்கைக்குள்.

வெளியே ஓடினாள்.

வண்டிக்குள் ஆள் இல்லை. ஸ்டியரிங் முன்னால் வெறும் சீட். ஆனால் வண்டி உதறி உதறி முன்னால் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு உதறலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. பிளாஸ்டிக் நாற்காலி மதிலில் நசுங்கி, காலொடிந்து, படீரென்று வெடித்தது. அவர் பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். வலது கால், சொன்னபடி கேட்காத அந்தக் கால், நாற்காலியோடு சேர்ந்து பம்பருக்கும் மதிலுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அதே நேரத்தில் இஞ்சினும் பிடித்துக்கொண்டது. குழாயிலிருந்து கறுப்பாகப் புகை அடித்தது.

கதவைத் திறந்து ஏறினாள். எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கிளட்சை மிதித்தாள். பிடி விட்டதும் வண்டி மேட்டிலிருந்து பின்னால் உருண்டு, கல்லில் இடித்து நின்றது. குமிழை இழுத்தாள். இஞ்சினின் வெடிச்சத்தம் அடங்கியது. ஆனால் செல்ஃப் அடங்கவில்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கால்மாட்டில் தகரத்தின் இடுக்கிலிருந்து வெள்ளையாக, கசப்பாகப் புகை வந்தது. கியரை நடுவில் தள்ளினாள். எதை அணைப்பது? அணைக்கிறதற்கு என்ன இருக்கிறது? சாவி கழுத்தில் இருக்கிறதே.

"எர்த்தப் புடுங்கு!"

முன்னாலிருந்து அவர் குரல். மூன்று வருஷமாகக் கேட்காத குரல் அது. ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை.

"கல்லு புடிச்சிருக்கு, வண்டி போகாது. கிளீனர் சீட்டத் தூக்கு. மைனஸ் கட்டையக் கழட்டு. பிளஸ்ஸத் தொடாத!"

கதவின் உள்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டைத் தூக்கினாள். புது பேட்டரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஸ்பேனர் இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை நட்டு இளகியது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கவ்வியிருந்த கட்டையை முறுக்கிப் பிடுங்கினாள். ஒரு பொறி பறந்தது. சத்தம் நின்றது.

அந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. "ஏங்க?" என்று கூப்பிட்டாள். பதில் வருவதற்குள் செத்துப் பிழைத்தாள்.

"இருக்கேன்" என்றார்.

எலும்பு முறியவில்லை. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து, கால் வீங்கிக் கறுத்திருந்தது. அவ்வளவோடு போயிற்று. மருத்துவமனையில் கட்டுப் போட்ட நர்ஸ், "பெட்ஷீட்டக்கா வீட்டுக்காரரா?" என்று கேட்டு, அவருக்கு ஒரு புது விரிப்பை எடுத்து விரித்தாள்.

அடுத்த நாள் ஷாக்கு வீட்டுக்கே வந்தார். வண்டியைக் கடைக்குக் கொண்டுவா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, அட்டையை விரித்துக் கீழே போய்ப் படுத்தார். செல்ஃபைப் பிடித்திருந்த மேல் போல்ட்டு கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, நீளக் கம்பியைச் சொருகி, திட்டித் திட்டிக் கழற்றினார். வெளியே இழுத்துப் போட்டபோது அது கருகிய பூசணிக்காய் மாதிரி இருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். அவள் புருஷன் காலில் கட்டோடு கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி, அதில் படுத்தபடி பார்த்தார்.

"அண்ணே, இங்க பாருங்க" என்று ஷாக்கு உள்ளேயிருந்த உருளையை ஆட்டிக் காட்டினார். "இந்த ஆர்மேச்சரத் தாங்குற புஷ்ஷு வளையம் ரெண்டும் தேஞ்சு ஓட்டையாயிடுச்சு. அதனால உருள சாஞ்சுபோயி, சுத்தும்போது பக்கத்துல உரசியிருக்கு. உரசிக்கிட்டே சுத்தணும்னா எக்கச்சக்கமா கரண்டு இழுக்கும். இழுத்து இழுத்து, பேட்டரியிலேர்ந்து வர்ற தடிமன் ஒயர் சூடேறி மேல்தோல் உருகிடுச்சு. சாவியிலேர்ந்து வர்ற சின்ன ஒயரு அதோடதான் ஒட்டிக்கிட்டுப் போகுது. ரெண்டும் தொட்டுக்கிச்சுன்னா சாவி போட்டதா அர்த்தம்."

"அப்ப முந்தியெல்லாம் கொஞ்சம்தானே நகந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

"இஞ்சின் சூட்டுல தொட்டிருக்கும். வண்டி ஒரு உலுக்கு உலுக்குனதும் விலகியிருக்கும். நேத்து உருகி ஒட்டிக்கிச்சு, விலகல." அவர் தலையைச் சொறிந்தார். "லைட்டு மங்குனா ரெண்டு காரணம் இருக்குக்கா. பேட்டரி வீக்கா இருக்கலாம், இல்ல செல்ஃபு அளவுக்கு மேல இழுக்கலாம். நான் ஒண்ணத்தான் பாத்தேன். பேய்க்குப் புது பேட்டரி போட்டு விட்டிருக்கேன்."

கட்டிலிலிருந்து அவர் சிரித்தார். ஒரு பக்கச் சிரிப்பு. "ஷாக்கு, உனக்கு அந்த ஃபேன் இன்னும் ரெண்டு தடவ அடிச்சிருக்கணும்."

சாயங்காலம்வரை வேலை நடந்தது. ஷாக்கு வேறொரு செல்ஃபைப் புதுப் புஷ்ஷும் கார்பனும் போட்டுத் தயார் செய்து கொண்டுவந்திருந்தார். அதை மாட்டுவதற்கு முன்னால், இஞ்சினோடு அது கோத்துக்கொள்ளும் பல்சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். பழைய ஒயரை அடியோடு எடுத்துவிட்டு, தடித்த ஒயரை ஒரு வழியிலும் சாவி ஒயரை வேறு வழியிலும் கொண்டுபோய், மேலே ரப்பர் குழாய் போட்டுக் கட்டினார். எர்த் பட்டையைத் துரு போகச் சுரண்டினார். பிறகு சாவியை அவளிடமிருந்து வாங்கி, கட்டிலில் இருந்தவரிடம் கொடுத்தார்.

"அண்ணே, நீங்க போடுங்க."

இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து அவரை சீட்டில் உட்காரவைத்தார்கள். இடது கையை ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் நீட்டிச் சாவியைத் திருப்பினார். 'க்ர்ர்' என்று ஒரே மூச்சில் எடுத்தது. அவர் சாவியை விட்டதும் செல்ஃப் நின்றது. அவள் அதைத்தான் கவனித்தாள்: விட்டதும் நிற்கிறதா என்று.

ஷாக்கு போனபிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்கள நம்பல. தப்புதான்."

"தானா வண்டி நகருதுன்னு யாராச்சும் எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, நானே அவனக் கீழ்மேலாப் பாத்திருப்பேன்" என்றார். குரல் மறுபடியும் குழறியது.

மகள் வந்து எல்லாவற்றையும் கேட்டாள். அப்பா தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். டோக்கன் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அரிசி டப்பாவிலிருந்த செருப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி என்று ஆகிவிட்ட வீட்டில் அதைப் பேசுவது பாவம் மாதிரி இருந்தது.

அதன்பிறகு அவர் ஒன்று சொன்னால் வீட்டில் மறுபேச்சு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை அறுக்கிறார் என்றார். அவள் போய்ச் சண்டை போட்டாள். குழாயைப் போய்ப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. இன்னும் அறுக்கவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூரைமேல் யாரோ நடக்கிறார்கள் என்றார். மகள் ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். மாத்திரையை யாரோ மாற்றி வைக்கிறார்கள் என்று சொல்லி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மகளே அதை எடுத்துக்கொண்டுபோய், ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொண்டுவந்தாள். வண்டி விஷயத்தில் பட்ட பாடு இருவருக்கும் நினைவிருந்தது. மறுபடியும் அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்று இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நம்பினார்கள்.

ஒரு மத்தியானம் அவள் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. முற்றத்திலும் ஆள் இல்லை. கதவு திறந்து கிடந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினாள். கடைசியில் மருத்துவமனை வாட்ச்மேன் ஃபோன் செய்தார். பின்கேட்டில், டிரைவர் சட்டைக்குப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, காலில் கட்டு அவிழ்ந்து தொங்க அவர் நின்றிருந்தார். அவ்வளவு தூரம் அந்தக் காலோடு எப்படி நடந்தாரோ.

அவள் இறங்கி ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். "என்னங்க இது? என்கிட்ட சொல்லிட்டு வரக்கூடாதா?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார், புது வார்டு அம்மாவைப் பார்க்கிற மாதிரி.

"மூட்டையெல்லாம் கட்டியாச்சாம்மா?" என்று கேட்டார். "வண்டி எனக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு. வீட்டுல அவ ஒருத்திதான் இருக்கா, சீக்கிரம் போகணும்."

அந்த வாரமே நரம்பு டாக்டரைப் பார்த்தார்கள். மண்டையைப் படம் எடுத்தார்கள். முதலில் வந்த பெரிய அடைப்பைத் தவிர, அதற்குப் பின்னால் சின்னச் சின்னதாக நிறைய வந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். படத்தில் அதெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தது. போனது திரும்பாது, மேலும் போகாமல் இருக்க மருந்து கொடுக்கலாம், அதற்கும் உத்தரவாதம் இல்லை என்றார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்று சொன்னபோது மகள் தரையைப் பார்த்தாள். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவரைத் தனியாக விட முடியாது என்று ஆனதும், சலவைக்கூட முதலாளியிடம் போய்ச் சொன்னாள். முதலாளி யோசித்துவிட்டு, "கூட்டிட்டுப் போங்க, கிளீனர்னு நெனச்சுக்கிறேன்" என்றார். இப்போது அவர் தினமும் அவள் பக்கத்துச் சீட்டில், பேட்டரிக்கு மேலே உட்கார்ந்து வருகிறார். சில நாள் அவள் யார் என்று தெரிகிறது, கிளட்சைப் பற்றித் திட்டுகிறார். சில நாள் தெரிவதில்லை. வண்டியின் சத்தத்தில் மட்டும் அவர் காது தப்புவதில்லை என்று அவள் சொல்கிறாள். போன மாதம் பின்சக்கர பேரிங் போகிறது என்றார். ஷாக்கு கழற்றிப் பார்த்தபோது அது போயிருந்தது. அதே நாளில்தான், முன்கண்ணாடிக்கு வெளியே ஒரு குழந்தை தொத்திக்கொண்டு வருகிறது, நிறுத்து என்று கத்தினார்.

எது வண்டி, எது நோய் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு வழியில்லை. அதனால் பிரிப்பதில்லை. அவர் என்ன சொன்னாலும் வண்டியை ஓரங்கட்டுகிறாள், கல்லை வைக்கிறாள், போய்ப் பார்க்கிறாள்.

சமீபத்தில் ஒருநாள், வெளுத்த விரிப்புகளோடு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அவர் மெல்ல அவள் பக்கம் சாய்ந்து, "பின்னால ஆள் உக்காந்திருக்கு" என்றார். "திரும்பிப் பாக்காத."

அவள் ஓரங்கட்டினாள். சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவின் கொண்டியில் கை வைத்தவள், அதைத் திறப்பதற்கு முன் சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு திறந்தாள். மடித்த வெள்ளை விரிப்புகள், அடுக்கடுக்காக, கூரைவரை. ஒரு அடுக்கைக் கையால் விலக்கி உள்ளேயும் பார்த்தாள்.

திரும்பி வந்து ஏறினாள்.

"யாருமில்லீங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் தலையாட்டினார். ஆனால் கண் பின்பக்கக் கண்ணாடியை விட்டு அகலவில்லை. அவள் சாவியைத் திருப்பினாள்.